பறையை விட்ட கதை

(கடலூர் செம்மண்டலத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிராமத்துத் தொழில்களைப் பற்றி வயசானவங்ககிட்ட கேட்டுப் பதிவு செய்யப் போறோம், அதைப் பற்றிப் பேசுங்கன்னு கூப்பிட்டீங்க. நான் செய்த ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறேன்.

கல்லூரியில் படித்தபோது ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் சேரி. தாத்தா பறையடித்தவர். என்னிடம் இருந்தது ஒரே ஒரு அறுபது நிமிட கேசட். தாத்தா உற்சாகமாகச் சொன்னார். கன்றுத் தோலை எப்படிப் பதம் பார்ப்பது, புளியங்கொட்டைப் பசையை எப்படிக் காய்ச்சுவது, வைக்கோல் தீயில் எவ்வளவு நேரம் காட்டினால் தோல் விறைக்கும், அடிக்குச்சியை எப்படிப் பிடிப்பது, சுண்டுக்குச்சியை எப்படிப் பிடிப்பது, சாவுக்கு எந்த அடி, சாமிக்கு எந்த அடி. வீட்டில் பறை இல்லை. முறத்தைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது.

அப்புறம், "இதெல்லாம் சரிடா, இதை ஏன் விட்டோம்னு கேக்க மாட்டியா?" என்றார்.

"அது அப்பறம் தாத்தா, டேப்பு தீந்துடும்" என்று சொல்லி நான் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன்.

அந்த அப்புறம் வரவே இல்லை. அடுத்த மாசியில் தாத்தா செத்துப்போனார். தன் சாவுக்குப் பறையடிக்கக் கூடாது என்று அவரே சொல்லி வைத்திருந்தார். அடிக்கவில்லை.

ஏன் அப்படி நிறுத்தினேன்? நான் படித்த புத்தகங்களில் தொழில் என்றால் நுணுக்கம், மரபு, கலை. அது அழிகிறது, காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் இழவு சொல்ல நடந்ததும், செத்த மாட்டை இழுத்ததும், பிணம் எரித்ததும் நாம் விரும்பி எடுத்துக்கொண்ட தொழில்களா? பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையை 'பாரம்பரியத் தொழில்' என்று சொல்லிப் பாதுகாக்கப் புறப்பட்டால், யாருக்காகப் பாதுகாக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

எழுத்தில் நாம் எப்படி வருகிறோம் என்று பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஊர் ஊராக நிலத்தைக் கணக்கெடுக்கிறது. பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று வரியில் கழிக்கும் இடங்களாக அதில் வருகிறோம். அந்த நிலத்தில் உழைத்தவன் என்ன நினைத்தான் என்பதற்குக் கல்வெட்டு இல்லை.

பக்கத்துச் சிதம்பரத்து நந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அவர் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பவர். அவரைத் தடுக்கும் பண்ணை வேதியர் அங்கே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில்தான் அந்த வேதியர் வருகிறார், நந்தன் பண்ணையாள் ஆகிறார். அயோத்திதாசப் பண்டிதரோ நந்தனை அரசன் என்று எழுதினார். எழுதுகிற கைக்குத் தகுந்தாற்போல நந்தன் மாறுகிறான். நந்தன் வாயால் சொன்ன கதை நமக்குக் கிடைக்கவில்லை.

வாயால் சொன்ன கதை ஒன்று நம்ம பக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஒரு சேரியில் வாழ்ந்த விவசாயக் கூலி வீரம்மா. ஜோசியான் ராசின் அவரோடு ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் பேசிப் பதிவு செய்தார். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூல் வந்தது. தமிழில் பேசியவரின் வாழ்க்கை முதலில் அச்சேறியது பிரெஞ்சில். இது நமக்கு வெட்கம். இன்னொன்றையும் கவனியுங்கள். வீரம்மா நாம் எதிர்பார்க்கிற புரட்சியைப் பேசவில்லை. ஊர் ஒழுங்கை ஏற்றுக்கொண்டவர் போலவும் பேசுகிறார், அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார். மகன்தான் எதிர்த்து நிற்கிறான். நமக்குப் பிடிக்காததை வெட்டாமல் வைத்ததால்தான் அது வரலாறு.

தாத்தா சொல்லாமல் போனதை ஆயாவிடம் கேட்டேன். தென்னார்க்காட்டில் பறையடிப்பதை விடச் சொல்லி இயக்கம் நடத்தியவர் இளையபெருமாள். ஆயா அதிலிருந்துதான் தொடங்கியது:

"எளையபெருமாளு ஆளுங்க வந்து பேசுனாங்க. அன்னிக்கி ராத்திரியே ஒங்க தாத்தா பறையைத் தூக்கி அடுப்புல போட்டுட்டாரு. அடுத்த எழவுக்கு ஆளு வந்துச்சு, போவல. மறுநா நடவுக்குக் கூப்புடல. வரப்புல நடக்க வுடல. கடையில உப்புகூட குடுக்கல. ரெண்டு மாசம். நத்தையும் நண்டும் புடிச்சி உப்பில்லாம தின்னோம். புள்ளைங்க அழுவுதுங்க. நான்தான் சொன்னேன், இந்த ஒரு தடவ போயி அடிச்சிட்டு வாயேன்னு. அதுக்கு அந்த மனுசன் என்னை அடிச்சிட்டாரு."

பறையை விட்டவர் தாத்தா. பட்டினியைச் சமாளித்தது ஆயா. அடியும் வாங்கியது. ஆயாவிடம் போகாமல் இருந்திருந்தால், கேசட்டை நிறுத்தாமலேயே இருந்திருந்தாலும், எனக்குப் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

1965இல் இளையபெருமாள் தலைமையில் ஒன்றிய அரசு அமைத்த குழு, தீண்டாமை பற்றிய அறிக்கையை 1969இல் கொடுத்தது. அது நூலகத்தில் கிடைக்கும். என் ஆயாவுக்கு மறுக்கப்பட்ட உப்பை நாம்தான் எழுத வேண்டும்.

1990களில் பறை தலித் கலை விழா மேடைகளில் ஏறியது. அவமானத்தை ஆயுதமாக்கியது பெரிய காரியம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் அடிக்கிற பிள்ளைக்கு, இதை அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காகப் பட்டினி கிடந்த ஒரு தலைமுறையும் தெரிய வேண்டும். இரண்டும் நம்முடைய வரலாறுதான்.

களத்துக்குப் போகிற தோழர்களுக்குச் சில விஷயங்கள். ஊர்க்காரர் யாரும் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள், வாய் வராது. பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், பெண் தோழர்களே பேசினால் நல்லது. வேலையைக் கேட்டால் கூலியையும் கேளுங்கள்: எத்தனை மரக்கால், நல்ல நெல்லா கருக்காவா, யார் அளந்தது. 'சொல்லுச்சு' என்பதைச் 'சொன்னார்' என்று திருத்தாதீர்கள். பேரைப் போடலாமா என்று கேளுங்கள். நாம் பஸ் ஏறிவிடுவோம், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்.

இன்றைக்குக் கைபேசியில் மணிக்கணக்கில் பதிவு செய்யலாம். கேசட் தீர்ந்துவிடும் என்று நான் சொன்ன சாக்கு உங்களுக்குக் கிடையாது. உங்கள் கேள்விகள் முடிந்ததும், "நான் கேக்காம வுட்டது என்னா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள்.