ஓடுகிற வண்டியும் ஓடத் தகுந்த வண்டியும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், வாகனப் பழுது பார்க்கும் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. கையில் கிரீஸ் ஒட்டியே பழகியவன். சவூதியில் 11 ஆண்டு ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். ஊருக்கு வந்து சொந்தமாக ஷெட் போட்டு அதே வேலையைத்தான் செய்கிறேன். "நம் பிள்ளைகள் போகிற வண்டிகளைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் பாய்" என்று நிர்வாகிகள் கேட்டார்கள். அதனால் வந்தேன்.

வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். 'ஃபஹஸ்' என்று சொன்னாலே உங்களுக்குப் புரியும். அங்கே புதுக் கார் வாங்கினால் முதல் 3 ஆண்டு கேள்வி இல்லை. அதன் பிறகு வருடா வருடம் சோதனை மையத்துக்குப் போக வேண்டும். சோதனையில் தேறாவிட்டால் இஸ்திமாரா புதுப்பிக்க முடியாது. துபாயிலும் இதே கதைதான். அங்கே முல்கியா என்பார்கள். நான் முதலாளியின் வாடிக்கையாளர் கார் ஒன்றை மூன்று முறை கொண்டுபோய் மூன்று முறையும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். காரணம், பின் சக்கரங்களில் ஒன்று நன்றாகப் பிடித்தது, மற்றொன்று சரியாகப் பிடிக்கவில்லை. ஓட்டும்போது எனக்கே அது தெரியவில்லை. உருளை மேல் நிறுத்தி பிரேக் போட வைத்தபோது மிஷின் காட்டிவிட்டது.

இங்கே நம் நிலைமை என்ன? நம் நாட்டில் சொந்த உபயோகக் கார், அதாவது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து போட்ட வண்டி, பதிவு செய்த நாளில் இருந்து 15 ஆண்டுக்கு எந்தத் தகுதிச் சோதனைக்கும் போக வேண்டியதில்லை. 15 முடிந்த பிறகுதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறோம். இடையில் புகைச் சான்று ஒன்றுதான். அது புகையைப் பார்க்கும். பிரேக்கைப் பார்க்காது, டயரைப் பார்க்காது, அடித்தகட்டைப் பார்க்காது.

வாடகை வண்டிக்குச் சட்டம் வேறு. லாரி, பேருந்து, மஞ்சள் பலகை வேன், இவற்றுக்கெல்லாம் எஃப்.சி. உண்டு. 2018-இல் திருத்திய மத்திய விதிப்படி, 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். மோட்டார் வாகன ஆய்வாளர் கண்ணால் பார்த்து, ஓட்டிப் பார்த்துச் சான்று தருவதுதான் இதுநாள் வரை வழக்கம். மிஷின் வைத்துச் சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கு 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதைக் கட்டாயமாக்கும் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது.

மற்ற நாடுகளைக் கொஞ்சம் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1960-இல் இந்தச் சோதனையைத் தொடங்கினார்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் பெயரையே சுருக்கி 'எம்.ஓ.டி.' என்கிறார்கள். முதலில் 10 ஆண்டு ஆன வண்டிக்கு மட்டும் என்றுதான் வைத்தார்கள். தேறாத வண்டிகள் அவ்வளவு அதிகமாக இருந்ததால் அடுத்த வருடமே 7 ஆண்டு என்று குறைத்தார்கள். 1967-இல் 3 ஆண்டு ஆக்கினார்கள். இன்றும் 3 ஆண்டு ஆன வண்டி வருடம் ஒருமுறை போக வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எந்த வண்டியின் எண்ணைப் போட்டாலும், அது எந்த வருடம் தேறியது, எதில் தவறியது, எத்தனை மைல் ஓடியது என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய வண்டி விற்பவர் பொய் சொல்வது அங்கே கஷ்டம்.

ஜெர்மனியில் புதுக் காருக்கு 3 ஆண்டு, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. தேறிய வண்டியின் நம்பர் பலகையிலேயே ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இந்தச் சோதனை செய்யும் 'டூஃப்' அமைப்பு எப்படி வந்தது தெரியுமா? 1865-இல் மான்ஹைம் என்ற ஊரில் ஒரு மதுபான ஆலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த வருடம் கொதிகலன் வைத்திருந்த முதலாளிகளே ஒன்றுகூடி, "நம் கொதிகலன்களை நாமே ஆள் வைத்துச் சோதிப்போம்" என்று சங்கம் தொடங்கினார்கள். அப்போது அவர்களை யாரும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தவில்லை. கொதிகலனைச் சோதித்த அந்த ஆட்களிடம்தான் பிற்காலத்தில் கார் சோதனையும் வந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் பாய்லர் பக்கம் வேலை செய்யும் தம்பிகளுக்கு இதன் அருமை தெரியும்.

சிங்கப்பூரில் 3 ஆண்டு வரை இல்லை. 10 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் வருடாவருடம். வண்டி வயதாக ஆகச் சோதனையும் கூடுகிறது, நமக்கு மருத்துவர் சொல்வதைப் போல. ஜப்பானில் புதுக் காருக்கு 3 ஆண்டு, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. மலேசியாவில் வாடகை, வணிக வண்டிகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை 'புஸ்பாகோம்' சோதனை. சொந்தக் காருக்குக் காலமுறைச் சோதனை கிடையாது, கைமாறும்போது உண்டு. இலங்கையில் சொந்தக் காருக்கும் வருடா வருடம் புகைச் சோதனை செய்தால்தான் வருமான அனுமதிப் பத்திரம் கிடைக்கும்.

எல்லா நாடும் கெடுபிடிதான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். டெக்சாஸ் மாநிலத்தில் சொந்தக் கார்களுக்கு இருந்த பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரி 1 முதல் எடுத்தேவிட்டார்கள். இப்போது வரும் வண்டிகள் நல்ல தரம், மக்களுக்கு ஏன் செலவும் அலைச்சலும் என்பது ஒரு வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நம் ஊர் ரோட்டையும், நாம் ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால், அந்த வாதம் நமக்குப் பொருந்துமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சான்று இருந்தால் போதுமா? அதுவும் போதாது. 2012 ஜூலை 25-ஐ நினைத்துப் பாருங்கள். தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை கீழே விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் அதே ஆண்டில் வந்தன. இப்போது ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்களே, அது அந்தப் பிள்ளையின் உயிர் கொடுத்துக் கிடைத்தது.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தெருக்களில் இருந்து காலையில் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன்களில் சில வெள்ளைப் பலகை வண்டிகள். சட்டத்தின் கண்ணில் அவை சொந்தக் கார். ஆகவே எஃப்.சி. இல்லை. பள்ளியின் பேருந்தும் இல்லை, ஆகவே மைதானச் சோதனையும் இல்லை. 15 ஆண்டு யாரும் குனிந்து பார்க்காத வண்டியில் 12 பிள்ளைகள் போகிறார்கள். விபத்து நடந்தால், சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டினீர்கள் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் கூடும்.

சென்ற மாதம் அப்படி ஒரு வண்டி, ஹாரன் வேலை செய்யவில்லை என்று என் ஷெட்டுக்கு வந்தது. ஹாரனைச் சரிசெய்துவிட்டு, பழக்கத்தில் கீழே படுத்துப் பார்த்தேன். பின் சீட்டுக்கு அடியில் தகடு துருப்பிடித்து, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. மேலே மேட் போட்டு மூடியிருக்கிறது. எனக்கு முடிச்சூர்தான் ஞாபகம் வந்தது. ஓட்டுநர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "பாய், ரெண்டு நாள் வண்டி நின்னா பிள்ளைங்களை யாரு கூட்டிட்டுப் போறது? வெல்டிங் கூலிக்கு நான் எங்க போறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. டீசல் விலை ஏறினாலும் மூன்று வருடமாக நாம் கொடுக்கும் மாதப் பணம் ஏறவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் தேடாதீர்கள். அந்த வண்டிக்குத் தகடு மாற்றியாகிவிட்டது. மற்ற வண்டிகளின் அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

இந்த ஊரில் தறி ஓட்டாத தெரு குறைவு. தறி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக எண்ணெய் விடாமல் விடுகிறோமா? சத்தம் மாறினால் உடனே நிறுத்திப் பார்க்கிறோம். நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். பிரேக் அறுந்தால் என்ன செய்வது?

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன்.

முதலாவது, பிள்ளை போகும் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எம்பரிவாகன்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், வண்டியின் வயது, காப்பீடு எதுவரை, தகுதிச் சான்று எதுவரை, புகைச் சான்று எதுவரை என்று வரும். வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளையிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

இரண்டாவது, நீங்களே கண்ணால் பாருங்கள். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. காருக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம். இங்கிலாந்திலும் அதே அளவுதான். பின்னால் நின்று பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். மேட்டைத் தூக்கித் தகட்டைப் பாருங்கள். கதவு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிறதா பாருங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

மூன்றாவது, ஓட்டுநரோடு சண்டைக்குப் போகாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய் கூடக் கொடுத்தால், 12 பிள்ளைக்கு வருடம் 7,200 ரூபாய் ஆகிறது. அதைப் பராமரிப்புக்கென்று தனியாக வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பலகைக்கு மாற முடிந்தவர்களை மாறச் சொல்லுங்கள். அதற்கான கடிதப் போக்குவரத்துக்கு அறக்கட்டளை உதவும் என்று நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

என் பங்குக்கு, பள்ளி திறப்பதற்கு முந்திய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் போகும் எந்த வண்டியையும் என் ஷெட்டில் பள்ளத்தின் மேல் நிறுத்திப் பார்த்துத் தருகிறேன். பார்ப்பதற்குக் கூலி வேண்டாம். நம் சமுதாயப் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை என்று பேதம் வேண்டாம். ஒரே வேனில்தான் எல்லாப் பிள்ளையும் போகிறது. குறை இருந்தால் ஓட்டுநரிடம் மட்டும் எழுதிக் கொடுப்பேன். ஆனால் பிரேக்கிலோ தகட்டிலோ ஆபத்து இருந்தால், சரிசெய்யும் வரை பெற்றோரிடமும் சொல்வேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கோபப்படக் கூடாது.

அந்த ஜெர்மன்காரர்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நம் நாட்டிலும் சட்டம் ஒருநாள் 15 ஆண்டை 3 ஆண்டாக்கலாம், ஆக்காமலும் இருக்கலாம். அதுவரை நம் பிள்ளை ஏறும் வண்டிக்கு நாம்தான் ஆய்வாளர். அடுத்தவர் பிள்ளையை ஏற்றிப் போகும் ஓட்டுநர் கையில் இருப்பது ஸ்டியரிங் மட்டுமில்லை, அமானத்தும்கூட. அதைச் சுமக்க அவருக்குத் துணை நிற்பது நம் கடமை.