களியக்காவிளையைத் தாண்டினால் அயல் மாணவரா?

(பாறசாலையில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, ரேஷன் கார்டு, வாடகை வீடு என்று பேசிவந்த சங்கம் திடீரென்று கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிப் பேசப் புறப்பட்டுவிட்டதே என்று சிலருக்குத் தோன்றலாம். ஜூன் மாதம் பிறந்தால் நம் வீட்டு நகை எதற்காக அடகுக் கடைக்குப் போகிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள்.

முதலில் நம்மிடையே உலவும் ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு தருகிறார்கள், நமக்கு இல்லையே" என்று நம் இளைஞர்கள் கொதிக்கிறார்கள். தருகிறார்கள், உண்மைதான். 2018இல் மத்திய அரசு 'ஸ்டடி இன் இந்தியா' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, நல்ல மதிப்பெண் பெற்ற அயல்நாட்டு மாணவருக்கு முழு விலக்கு வரை அறிவித்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் மாணவரில் மதிப்பெண் அடிப்படையில் 50 பேரின் பொறியியல் படிப்புச் செலவைத் தானே ஏற்பதாக அறிவித்தது. குண்டுக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைக்குக் கிடைத்த சலுகையைப் பார்த்து நாம் வயிறெரிவதா? நம் வழக்கு அவர்களோடு அல்ல. நடுவில் கிடக்கும் கோட்டோடுதான் நம் வழக்கு.

அந்தக் கோடு 1956 நவம்பர் 1ஆம் தேதி விழுந்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்களை நாம் மறக்கவில்லை. ஆனாலும் கோட்டை அழிக்கச் சொல்ல நான் இங்கே வரவில்லை. மலையாள உழைப்பாளி நமக்கு அண்டை வீட்டான். அவனோடுதான் நாளையும் வாழப்போகிறோம்.

நான் வேலை பார்க்கும் ரயில்வேக்கு இந்தக் கோடு தெரியாது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தார்கள். பாறசாலையும் குழித்துறையும் நாகர்கோவிலும் திருவனந்தபுரம் கோட்டத்துக்குள்தான் இருக்கின்றன. சீசன் டிக்கெட் வாங்குகிற பையனிடம் "நீ எந்த மாநிலம்?" என்று எந்தக் குமாஸ்தாவும் கேட்பதில்லை. கல்லூரி விண்ணப்பம்தான் கேட்கிறது.

என்ன கேட்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு விதிப்படி எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் தேவையில்லை. வெளியே படித்தவன் கொண்டுவர வேண்டும். வேறு மாநிலத்துப் பிள்ளை அந்த ஐந்து வகுப்பையும் தமிழ்நாட்டில் படித்திருந்தாலும் அவனுக்குப் பொதுப்பிரிவு மட்டும்தான். பாறசாலையில் பிற்பட்டோராக இருக்கும் நாடார் வீட்டுப் பிள்ளை களியக்காவிளையைத் தாண்டியதும் முற்பட்டோர் வரிசையில் நிற்கிறான்! ஐந்து நிமிஷப் பஸ் பயணத்தில் இத்தனை முன்னேற்றம் உலகில் வேறெங்கும் கிடையாது.

கேரளத்து நுழைவுத் தேர்வுக் கையேடு இன்னொரு விதம். கேரளீயர், கேரளீயர் அல்லாதார் முதல் வகை, இரண்டாம் வகை என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வகைக்காரன் இங்கேயே படித்து வளர்ந்தவனாக இருந்தாலும் அவனுக்குச் சாதி ஒதுக்கீடும் இல்லை, கட்டணச் சலுகையும் இல்லை.

இதையெல்லாம்விட நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2020இல் மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2021இல் அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்றும் அறிவித்தார்கள். மிக நல்ல சட்டம். ஆனால் திருநெல்வேலியிலிருந்து இங்கே கல்வேலைக்கு வந்த கொத்தனாரின் மகள் படித்ததும் அரசுப் பள்ளிதான். அவள் வீட்டு வறுமையும் அதே வறுமைதான். பள்ளிக்கூடம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்துவிட்டது, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

இது அரசியல் சட்டத்துக்கு ஒக்குமா என்று கேட்கிறீர்கள். 1955இல் இந்தூர் மருத்துவக் கல்லூரி வழக்கில், மத்திய பாரதத்து மாணவருக்கு விலக்கு அளித்துவிட்டு வெளியூர் மாணவரிடம் மட்டும் தனிக்கட்டணம் வாங்கியது செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 'பிறந்த இடம்' வேறு, 'வசிக்கும் இடம்' வேறு என்பது காரணம். 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில் இந்தியாவுக்கு ஒரே குடியுரிமை இருப்பிடம்தான் உண்டு, மாநிலத்துக்கு ஒன்று கிடையாது என்று சொன்ன அதே கோர்ட், எம்.பி.பி.எஸ். இடங்களில் மாநில வாசிகளுக்கு ஒரு பங்கை விட்டும் வைத்தது. 2025 ஜனவரியில் மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடு கூடாது என்று தீர்ப்பு வந்திருக்கிறது. கோர்ட் வாசலில் நமக்கு விரைவில் வழி பிறக்கும் என்று நான் நம்பவில்லை. இது இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டுத் தீர்க்க வேண்டிய காரியம்.

ஸ்காட்லாந்தின் கதையைக் கேளுங்கள். அங்கே உள்ளூர் மாணவருக்குக் கல்லூரிக் கட்டணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஒரு நாட்டானுக்கும் இன்னொரு நாட்டானுக்கும் பேதம் பார்க்கக் கூடாது என்றதால் பிரெஞ்சுக்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும் இலவசம். ஆனால் ஒரே நாட்டுக்குள் பேதம் பார்ப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே எல்லையை ஒட்டிய பெரிக் நகரத்து ஆங்கிலேயப் பையன் 2012 முதல் ஆண்டுக்கு 9,000 பவுன் வரை கட்டினான். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின் 2021இல் ஐரோப்பியருக்கான இலவசம் நின்றது. பெரிக் பையனுக்கு அதனால் ஒரு காசு குறைந்ததா? இல்லை. அயலானுக்கு நிறுத்தினால் அண்டை வீட்டானுக்கு வந்து சேரும் என்று எண்ணுகிற நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா 2001இல் வேறு வழி கண்டது. மூன்றாண்டு எங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினாயா, உள்ளூர்க் கட்டணம் கட்டு. உன் கையில் குடியுரிமைக் காகிதம் இருக்கிறதா என்று கேட்கமாட்டோம் என்றது. டெக்ஸாஸும் அதே ஆண்டு அப்படிச் செய்தது. 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட்டு அங்கே அதை நிறுத்திவிட்டது. காகிதமில்லாத அயல்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு மாநிலம் செய்ய முடிந்ததை, வாக்காளர் அட்டை வைத்திருக்கும் சொந்த நாட்டுப் பிள்ளைக்கு இரண்டு மாநிலங்கள் செய்ய முடியாதா?

தமிழ்நாட்டு அரசு விழாக்களில் முதலில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் வாத்தியாராக இருந்தவர். இன்று சென்னைக்கு அவர் விண்ணப்பம் போட்டால் 'பிற மாநிலத்தவர்' என்ற கட்டத்தில்தான் டிக் அடிக்க வேண்டும்.

நாம் கேட்பது பெரிதல்ல. இந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை, அந்தப் பக்கம் விளவங்கோடு, கிள்ளியூர். இந்த எல்லைத் தாலுகாக்களின் பிள்ளைகள் எந்தப் பக்கத்து அரசுக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்துக்கும் சலுகைக்கும் உள்ளூர்ப் பிள்ளையாகவே கருதப்பட வேண்டும். வேலை தேடி வந்த குடும்பத்துப் பிள்ளை இங்கே அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளைத் தமிழ்நாடு கணக்கில் எடுக்க வேண்டும். மனு எழுதியாயிற்று. இரண்டு முதலமைச்சர்களுக்கும் போகிறது, கையெழுத்துத்தான் வேண்டும்.

மனுவுக்குப் பதில் வரும் வரை நம் பிள்ளை சும்மா இருக்க முடியாது. மகனை ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாற்றும்போதே எந்தப் பக்கத்துப் பள்ளி என்று யோசியுங்கள். பன்னிரண்டு முடித்த பிறகு யோசித்துப் பயனில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள் சொந்த ஊர்த் தாசில்தாரிடம் நேட்டிவிட்டி சர்டிபிகேட்டை இப்போதே கேளுங்கள். கலந்தாய்வுக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். ரேஷன் கார்டு, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வாருங்கள். விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.