பாடுபவள் விழுந்த பிறகும்

டேவிட் லிஞ்சின் ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், அந்தப் படத்தின் புதிரை அவிழ்த்துக் காட்டுவேன் என்று நண்பர்கள் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதை நான் செய்யப்போவதில்லை. ஒரு காட்சி, அதில் வரும் ஒரு பாட்டு, அவ்வளவுதான் இன்றைக்கு.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இது தொலைக்காட்சித் தொடருக்கான முன்னோட்டமாக எடுக்கப்பட்டு, 1999இல் ஏபிசி நிறுவனத்தால் நிராகரிக்கப்பட்டது. பிறகு பிரெஞ்சுப் பணம் வந்தது, கூடுதல் காட்சிகள் எடுக்கப்பட்டன. 2001இல் கான் விழாவில் லிஞ்சுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. நடிகையாகும் கனவோடு ஹாலிவுட் வரும் பெட்டி, விபத்தில் நினைவிழந்த ரீட்டா, இருவருக்குமிடையே மலரும் காதல். கடைசிப் பகுதியில் எல்லாம் புரண்டுவிடுகிறது. தோற்றுப்போன நடிகை டயான், தன்னை விட்டு விலகிய காதலியைப் பணம் கொடுத்துக் கொல்லச் சொன்னவள். நாம் அதுவரை பார்த்தது அவளுடைய கனவாக இருக்கலாம்.

அந்தப் புரட்டலுக்குச் சற்று முன்பு, பின்னிரவு இரண்டு மணிக்கு, பெட்டியும் ரீட்டாவும் சிலென்சியோ என்ற அரங்குக்குப் போகிறார்கள். மேடையில் ஒருவன், இங்கே இசைக்குழுவே இல்லை, நீங்கள் கேட்பதெல்லாம் முன்பே பதிவானது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். ட்ரம்பெட் ஊதுபவன் கருவியை வாயிலிருந்து எடுத்துவிடுகிறான், ஓசை நிற்கவில்லை. அடுத்து ரெபெக்கா டெல் ரியோ வருகிறார். ராய் ஆர்பிசன் 1961இல் பாடிய ‘க்ரையிங்’ பாடலின் ஸ்பானிஷ் வடிவத்தைப் பக்கவாத்தியமே இல்லாமல் பாடுகிறார். கேட்கும் இரண்டு பெண்களும் அழுகிறார்கள். பாதியில் அவர் மயங்கி விழுகிறார். பாட்டு தொடர்கிறது.

முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதிலென்ன அதிர்ச்சி? உதடு சிவாஜியுடையது, குரல் டி.எம்.எஸ்.ஸுடையது என்று தெரிந்தே அழுது வளர்ந்தவர்கள் நாம். சினிமாவின் பொய்யைச் சினிமாவே ஒப்புக்கொள்ளும் காட்சி இது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

பிறகுதான் அந்தக் குரலின் கதை தெரிந்தது. டெல் ரியோ லிஞ்சை முதன்முதலாகச் சந்திக்கப் போனபோது, அவருடைய ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே மூச்சில் பாடியது அது. அந்தப் பதிவுதான் படத்தில் ஒலிக்கிறது. பொய் என்று நம்மை எச்சரித்துவிட்டு, லிஞ்ச் கேட்கவைப்பது அந்தப் பெண்ணின் சொந்தக் குரலை.

படத்தின் மற்ற இசையும் இப்படித்தான். ஆஞ்சலோ படாலமெண்டி மெதுவான, நீண்ட இசைத்துண்டுகளைப் பதிவுசெய்து கொடுப்பார். அவற்றை ‘விறகு’ என்பார்கள். லிஞ்ச் அவற்றின் வேகத்தைக் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். ஒலிவடிவமைப்பும் அவரே. அதனால் எங்கே இசை முடிகிறது, எங்கே அறையின் இரைச்சல் தொடங்குகிறது என்று நமக்குப் பிடிபடுவதில்லை. சிலென்சியோவில் மட்டும் அந்த இரைச்சல் விலகி, ஒற்றைக் குரல் தனியாக நிற்கிறது.

படாலமெண்டி 2022 டிசம்பரில் போனார். லிஞ்ச் 2025 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் டெல் ரியோ. அதற்குப் பிறகு ஒருநாள் இரவு இந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். அவர் விழுந்தார். குரல் நிற்கவில்லை. நான் இத்தனை நாள் சொல்லிவந்தது தவறு என்று அப்போதுதான் உறைத்தது. இது பொய்யைப் பற்றிய காட்சியல்ல. ஆள் போன பிறகும் எஞ்சியிருப்பதைப் பற்றியது.

டயானுக்கு நேர்ந்ததும் அதுதானே. காதலியை அழித்துவிட்டாள், காதலை அழிக்க அவளால் முடியவில்லை. அந்தக் கனவு முழுவதும், பாடுபவள் விழுந்த பிறகும் நிற்காத பாட்டுத்தான். பெட்டியின் உடல் இருக்கையிலேயே நடுங்குவது அதனால்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தான் செய்தது என்னவென்று அவள் உடலுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

புதிருக்கு விடை தேடுவது பிழையில்லை. ஆனால் அடுத்தமுறை பார்க்கும்போது, அந்தக் காட்சியில் மட்டும் விடையைத் தேடாமல் கேளுங்கள்.