பொத்தானும் பதில் சொல்ல வேண்டும்



வகுப்பில் பெயர் வாசிக்கும்போது, "உள்ளேன் ஐயா" என்ற குரல் வந்த பிறகே அடுத்த பெயருக்குப் போகிறேன். பாட்டி கதை சொன்னால் பேரன் 'உம்' கொட்ட வேண்டும். அது நின்றால் கதையும் நின்றுவிடும். அந்நாளில் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது, கிராணி எடையை வாய்விட்டுச் சொல்லும்வரை என் தாயார் நகரமாட்டார். அந்த எண்ணில்தான் எங்கள் அரிசி இருந்தது.

இயந்திரத்துக்கும் இதே நியாயம்தான். சுங்கை பட்டாணி டோல் சாவடியில் 'டச் அண்ட் கோ' அட்டையைக் காட்டுகிறோம். 1997-இல் நம் நாட்டில் அறிமுகமான அட்டை அது. 'பீப்' என்று ஒலிக்கிறது. மீதித் தொகை தெரிகிறது. தடுப்புக் கட்டை உயர்கிறது. பெற்றுக்கொண்டேன், கழித்துக்கொண்டேன், போகலாம் என்று மூன்று பதில்கள்! வாட்ஸ்அப்பில் ஒரு குறி வந்தால் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு வந்தால் சேர்ந்துவிட்டது. 2014 முதல், நீல நிறமானால் படிக்கப்பட்டது.

பதில் எவ்வளவு விரைவாக வர வேண்டும்? ஜேக்கப் நீல்சன் என்ற அறிஞர் 1993-இல் எழுதிய நூலில் மூன்று அளவுகளைத் தருகிறார். பத்தில் ஒரு வினாடிக்குள் பதில் வந்தால், உடனே நடந்ததாக உணர்கிறோம். ஒரு வினாடிவரை எண்ணம் அறுபடாது. பத்து வினாடிக்கு மேல் கவனம் சிதறிவிடும். ஆகவே, வேலை முடியத் தாமதமானால், 'வேலை நடக்கிறது, பொறுங்கள்' என்றாவது இயந்திரம் காட்ட வேண்டும்.

எங்கள் பாலிங் வட்டாரத்தில் ஒரு மூதாட்டி கைப்பேசியில் கட்டணம் செலுத்தினார். பொத்தானை அழுத்தினார், திரையில் அசைவில்லை. மறுபடி அழுத்தினார். இரண்டு முறை பணம் போய்விட்டது. "எனக்குப் படிப்பில்லை, அதனால்தான் சார்" என்று அழுதார். "இல்லை அம்மா, பதில் சொல்லாதது அதன் குற்றம்" என்றேன். முதல் அழுத்தலிலேயே அந்தப் பொத்தான் நிறம் மங்கிப் பூட்டிக்கொண்டிருந்தால், அவர் பணம் தப்பியிருக்கும்.

நேயர்களே, திரை பேசாவிட்டால் மீண்டும் அழுத்தாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். நாளை இத்தகைய கருவிகளைச் செய்யப்போகும் மாணவச் செல்வங்களே! கேட்டவருக்கு 'உம்' என்று பதில் சொல்வது நம் வீட்டுப் பண்பு. அதை உங்கள் கருவிக்கும் கற்றுக்கொடுங்கள்.