சட்டம் ஏற்றிய கொடியும் தெரு ஏற்றிய கொடியும்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு மாநிலக் கொடியைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். வில், புலி, கயல் என்று மூவேந்தர் கொடிகளைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். அவை மன்னர்களுக்கு உரியவை. நான் பேச விரும்புவது குடியரசு இந்தியாவில் மாநிலங்கள் விரும்பிய மூன்று கொடிகளைப் பற்றி. ஒரு கொடிக்குச் சட்டம் கிடைத்தது. ஒரு கொடிக்கு மக்கள் கிடைத்தார்கள். மூன்றாவதற்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

சம்மு காஷ்மீர்

1952 சூன் 7 அன்று சம்மு காஷ்மீர் அரசியல் நிர்ணய சபை தன் கொடியை ஏற்றது. சிவப்புத் துணி, நடுவே வெள்ளைக் கலப்பை, கம்பத்தை ஒட்டி மூன்று வெள்ளைக் கோடுகள். கோடுகள் சம்மு, காஷ்மீர், லடாக் என்னும் மூன்று பகுதிகளையும், சிவப்பு உழைப்பையும் குறித்தன. கலப்பை, தேசிய மாநாட்டுக் கட்சியின் கொடியிலிருந்து வந்தது. 1950இல்தான் பெருநிலவுடைமை ஒழிப்புச் சட்டத்தின் மூலம் உழுதவர்களுக்கு நிலம் கைமாறத் தொடங்கியிருந்தது. ஆகவே அந்தக் கலப்பை வெறும் அலங்காரமல்ல, நடந்துகொண்டிருந்த ஒரு மாற்றத்தின் சின்னம்.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஒரே நாட்டில் இரண்டு கொடிகளா என்று சம்முவின் பிரஜா பரிஷத் கட்சி போராடியது. மாநிலக் கொடி தேசியக் கொடிக்குப் போட்டியல்ல என்று 1952 சூலையில் ஏற்பட்ட தில்லி உடன்பாடு தெளிவுபடுத்தியது. 1957இல் நடைமுறைக்கு வந்த மாநில அரசியலமைப்பின் 144ஆம் பிரிவு அக்கொடிக்கு முழுப் பாதுகாப்பு தந்தது. ஆனால் 2019 ஆகஸ்டில் மாநிலத்தின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டதும் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. அதே மாதம் ஸ்ரீநகர் தலைமைச் செயலகத்திலிருந்து கொடி இறக்கப்பட்டது.

கர்நாடகம்

கன்னடர்களின் மஞ்சள் சிவப்புக் கொடியை 1960களில் உருவாக்கியவர் எழுத்தாளரும் கன்னட இயக்கத்தவருமான மா. ராமமூர்த்தி. மஞ்சளும் குங்குமமும்தான் அதன் நிறங்கள், விளக்கவுரை தேவையில்லை. எந்தச் சட்டமும் சொல்லாமலேயே அது ஆட்டோ நிறுத்தங்களிலும் திரையரங்குகளிலும் ஏறியது. மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவத்தில் அது பறக்காத வீதி அரிது.

2017இல் கர்நாடக அரசு மாநிலக் கொடிக்காக ஒரு குழு அமைத்தது. 2018 மார்ச்சில் முதல்வர் சித்தராமையா புதிய வடிவத்தை வெளியிட்டார். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் வெள்ளைப் பட்டை, அதில் இருதலைப் பறவையான கண்டபேருண்டம். ஒன்றிய அரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை. தெருக்களில் இன்றும் பறப்பது ராமமூர்த்தியின் இருவண்ணக் கொடிதான்.

தமிழ்நாடு

1970 ஆகஸ்டில் முதல்வர் மு. கருணாநிதி தமிழ்நாட்டுக்கென ஒரு கொடி வடிவத்தை முன்வைத்தார். மேல் இடப்பக்க மூலையில் தேசியக் கொடி, கீழ் வலப்பக்க மூலையில் கோபுரம் கொண்ட மாநில முத்திரை. மத்திய மாநில உறவை ஆராய இராஜமன்னார் குழு பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது. எதிர்ப்பு கிளம்பியது, முயற்சி நின்றது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த வடிவம் நினைவிருக்கிறது? ஆனால் அதே முதல்வர் எழுப்பிய இன்னொரு கோரிக்கை வென்றது. விடுதலை நாளில் ஆளுநருக்குப் பதிலாக முதல்வர்கள் தேசியக் கொடியேற்றும் உரிமை 1974 முதல் எல்லா மாநிலங்களுக்கும் கிடைத்தது.

முடிவுரை

நம் அரசியலமைப்பு மாநிலக் கொடி வேண்டும் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தேசியக் கொடியின் மதிப்பைக் காக்கிறது. அம்மதிப்புக்கு ஊறு நேராதவரை மாநிலக் கொடியால் ஒற்றுமை குலையும் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து. ஆனால் கொடி கேட்கும் அரசுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் தந்ததைச் சட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதைக் காஷ்மீர் காட்டியது. மக்கள் எடுத்துக்கொண்ட கொடிக்கு அரசாணை தேவைப்படவில்லை என்பதைக் கர்நாடகம் காட்டியது. நாளை தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு மீண்டும் எழுமானால், வடிவத்தைக் கோட்டையில் வரைந்து முடித்துவிட்டு மக்களிடம் வர வேண்டாம். பள்ளிகளிலும் ஊராட்சிகளிலும் கேட்டுத் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.