செப்புத் தகட்டில் இரு பெயர்கள்

லண்டன் நகரில் 1616ஆம் ஆண்டு ஓர் இளம்பெண்ணின் உருவம் செப்புத் தகட்டிலே செதுக்கப்பட்டது. தலையில் உயர்ந்த தொப்பி. கழுத்தைச் சூழ்ந்து விறைத்து நிற்கும் பின்னல் வேலைப்பாட்டுக் கழுத்துப்பட்டி. கையில் தீக்கோழி இறகு விசிறி. உடையெல்லாம் ஆங்கிலச் சீமாட்டியின் உடை. முகமோ அவ்வாறன்று. உயர்ந்த கன்ன எலும்புகளும் நம்மை நேரே நோக்கும் கண்களும் வேறொரு மண்ணைச் சொல்லுகின்றன.

அவளே போகஹோண்டாஸ், வர்ஜீனியாவில் பல பழங்குடிகளுக்குத் தலைவராயிருந்த போஹாட்டனின் மகள். ஆங்கிலேயர் 1613இல் அவளைச் சிறைப்பிடித்தனர். ஞானஸ்நானம் பெற்று ரெபெக்கா ஆனாள். 1614இல் ஜான் ரால்ஃப் என்பாரை மணந்தாள். வர்ஜீனியாக் கம்பெனியார் 1616இல் அவளை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தனர். தங்கள் குடியேற்றத்துக்குப் பணமும் ஆளும் திரட்ட, அவள் அவர்களுக்கு நல்லதொரு விளம்பரமாக அமைந்தாள்.

படத்தைச் செதுக்கிய சைமன் வான் டி பாஸும் லண்டனுக்கு அந்நியரே. அவர் கொலோன் நகரிற் பிறந்தவர். தந்தை கிறிஸ்பினும் செதுக்குக் கலைஞர். சமயக் கொள்கை காரணமாக ஊர்விட்டு ஊர்சென்று, முடிவில் யூட்ரெக்டில் குடியேறியவர். படத்திலே பெண்ணின் வயது 21 என்றுள்ளது. சைமனுக்கும் அப்போது ஏறத்தாழ அதே வயதுதான்.

செப்புத் தகட்டில் எழுத்துகளை இடவலம் மாற்றி வெட்டுதல் வேண்டும். கூரிய எஃகு உளியால் கீறிய கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் உருவம் தாளிற் பதியும். விரைந்து எழுதி முடிக்கத்தக்க வேலையன்று அது. அவ்வாறு பொறித்த வாசகத்தில், 'மடோகா' என்னும் அவளது சொந்தப் பெயரே முதலில் நிற்கிறது; ரெபெக்கா என்பது அதன் பின்னரே வருகிறது. கீழேயுள்ள வாசகத்தில் வர்ஜீனியாவுக்கு அம்மக்கள் வழங்கிய பெயரும் இடம்பெற்றுள்ளது. அரசகுமாரி என்று காட்டுதல் கம்பெனியாருக்கு ஆதாயமாகவே இருந்திருக்கலாம். எனினும், சொற்களை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்ட நாம் அவ்வரிசையை எளிதிற் கடந்துசெல்ல இயலவில்லை.

தாயகம் திரும்பப் புறப்பட்ட அவள், 1617 மார்ச்சில் கிரேவ்ஸெண்டில் இறந்தாள். சைமன் பிற்காலத்தில் டென்மார்க் மன்னரின் பணியிற் சேர்ந்து, 1647இல் அந்நாட்டிலேயே மறைந்தார். அச்சுப்படத்தைப் பார்த்துப் பின்னாளில் ஒருவர் வண்ண ஓவியம் தீட்டினார். அதில் அவள் முகம் ஐரோப்பியச் சாயல் கொண்டுவிட்டது. அவள் வாழ்நாளில் எழுதப்பட்டதாக நமக்குக் கிடைத்துள்ள ஒரே உருவம் சைமனுடையதுதான்.

பிழைப்பை நாடி மனமுவந்து வேற்றூர் வந்த நம் நிலை வேறு. சிறைப்பட்டுப் பெயர் மாறிய அவள் நிலை வேறு. ஆயினும், தன் பெயர் முன்னிற்பதன் அருமையை, ஊர்விட்டு வந்தவர்களாகிய நாம் சற்று அதிகமாகவே உணரக்கூடும்.