புதிய மருந்து வீட்டுக்கு வரும்பொழுது



வைத்தியரைக் காண்பதற்கு நாம் படும் சிரமம் கொஞ்சமன்று. விடியற்காலையில் எழுந்து சென்று இலக்கம் எடுத்து, ஆஸ்பத்திரி வாங்கிலே மணிக்கணக்காய்க் காத்திருக்கின்றோம். அத்தனைக்கும் பிறகு மருந்து கையிற் கிடைத்ததும், வந்த காரியம் முடிந்ததென்று எண்ணி வீடு திரும்பிவிடுகின்றோம். உண்மையிலே காரியம் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. ஒரு மருந்து புதிதாக உடம்பிலே சேரும் முதற் சில வாரங்களே மிகுந்த கவனம் வேண்டப்படும் காலம். அதனைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

இதனை வாலிபர் சங்கத்திலே பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அப்பாச்சியையும் அம்மப்பாவையும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்பவர் யார்? மருந்துத் துண்டை வாசித்துச் சொல்பவர் யார்? பெரும்பாலும் வீட்டிலுள்ள பிள்ளைகளே. ஆகவே கேட்க வேண்டியவற்றைக் கேட்கும் கடமையும் உங்களையே சேர்ந்தது.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லுவோம். மூட்டுக்கள் வீங்கி நோகும் ஒருவகை வாத நோய்க்கு மெத்தோட்றெக்சேற் என்னும் மருந்து கொடுக்கப்படுகின்றது. நல்ல மருந்து; அதனால் மீண்டும் எழுந்து நடமாடியோர் பலர். ஆனால், அது கிழமைக்கு ஒரு நாள் மாத்திரமே எடுக்க வேண்டியது. எமது முதியோரோ குளிசை என்றால் தினமும் விழுங்குவது என்ற பழக்கத்திலே ஊறியவர்கள். பிறஷர்க் குளிசை தினமும், சீனிக் குளிசை தினமும், இதுவும் அப்படித்தானே என்று எண்ணிவிடுகின்றார்கள். தினமும் எடுத்தால் வாய் முழுவதும் புண்ணாகும்; என்புமச்சை பழுதுபட்டு இரத்தக் கலங்கள் குறையும்; உயிருக்கே ஆபத்து நேரும். இவ்வகையான மரணங்கள் பல நாடுகளிலே பதிவாகியுள்ளன. இதனோடு வழக்கமாகக் கொடுக்கப்படும் போலிக் அமிலக் குளிசையும் சிறியதாய், மஞ்சளாய் இருப்பதுண்டு. ஒன்றுக்கொன்று மாறிப்போவது எளிது. ஆகவே, எந்தக் கிழமை நாள் என்று வைத்தியரிடமோ மருந்து கொடுப்பவரிடமோ கேட்டு, ‘திங்கட்கிழமை மாத்திரம்’ என்று உறையின் மேல் முழுதாக எழுதிவையுங்கள். இரண்டு எழுத்து எழுதும் நேரம் ஓர் உயிரைக் காக்கும் என்றால் அதிலே வெட்கம் என்ன?

வெட்கம் என்று சொன்னது காரணத்தோடுதான். வைத்தியரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவென்று எம்மவர் பலர் கருதுகின்றனர். கேள்வி கேட்கும் நோயாளியை வெறுக்கும் வைத்தியர் எங்கேனும் இருக்கலாம். அவர் பொருட்டு நாம் மௌனமாய் இருந்து நோயைக் கூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த மருந்தின் பெயர் என்ன, எதற்காக, எத்தனை நாளைக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மருந்து பத்துக் கம்பனிகளின் பத்துப் பெயர்களில் விற்கப்படும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயராலேயே அதனை அழைக்க வேண்டுமென்று எமது நாட்டிலே பெரிதும் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள். 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர் அவரே. மலிவு விலையில் மருந்து கிடைக்க வழிசெய்தவர் என்றே அவரை நினைவுகூருகின்றோம். ஆனால் பெயரை அறிவதனால் உயிர்க்காப்பும் உண்டு. பனடோல் என்பது பரசிற்றமோல். தடிமனுக்கென்று கடையில் வாங்கும் குளிசைகள் சிலவற்றிலும் அதே பரசிற்றமோல் கலந்திருக்கின்றது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டு என்பதே மேலெல்லை. இரண்டு பெயரில் இரண்டையும் விழுங்குபவர் அந்த எல்லையைத் தாண்டுவதை அறியவே மாட்டார், ஈரல் அறியும். டெங்குக் காலத்திலே ஐபுபுறோபன், டைக்குளோபினக், அஸ்பிரின் ஆகியவற்றைக் காய்ச்சலுக்கு எடுக்கலாகாது, இரத்தப்போக்கு உண்டாகலாம். அவையும் பலவேறு பெயர்களில் வருவனவே.

ஆகவே புதிய மருந்து தரப்படும்பொழுது, ஏற்கெனவே எடுப்பவற்றையெல்லாம் ஒரு பையிலே போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். அரசாங்க கிளினிக்கிலே ஒன்று, சனல் பண்ணிய வைத்தியரிடம் ஒன்று, பரியாரியாரிடம் ஒன்று என்று மூன்று இடத்து மருந்தும் ஒரே வயிற்றுக்குள்ளேதான் செல்கின்றன. பரியாரியாரின் கஷாயத்தையும் மறைக்க வேண்டாம். முன்னொருகால் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமற் போனதென்றால், அதனைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்திலே சிவப்பு மையால் எழுதுவியுங்கள்.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்குவோர் அநேகர். தேயிலை அச்சத்தை உடம்பிற் சேரவிடாது தடுக்கும். தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ எடுத்தல் நன்று.

இனி, எமது இல்லங்களுக்கு மிக நெருங்கிய ஒன்று. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் தாய்மார் பலர் நீரிழிவு உடையோர். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும், இன்சுலினும் உணவு உண்ணாத வேளையிலும் இரத்தத்துச் சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தடுமாறிய பேச்சு என்பன அதன் அறிகுறிகள். கோயில் வீதியிலே ஓர் அம்மா சோர்ந்து விழுந்தால் விரதக் களைப்பென்று விட்டுவிடாதீர்கள். விழுங்கும் நிலையில் இருப்பின் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். விரதத்தைக் கைவிடுங்கள் என்பதன்று எமது பேச்சு. முன்னரே வைத்தியரிடம் சொன்னால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். சிலருக்கு உபவாசம் ஆகாதென்றும் சொல்லுவார். பாலும் பழமும் உண்டு நோற்பதும் விரதந்தானே! தாமாகவே குளிசையை நிறுத்திவிடுவது மாத்திரம் கூடாது.

மருந்து தொடங்கியபின் தோன்றும் தொல்லைகள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. மெற்போமின் முதலில் வயிற்றைக் குழப்பும். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். எனலாபிறில் சிலருக்கு ஓயாத வறட்டிருமலைக் கொடுக்கும். அதற்கு இருமற்பாணி வாங்கிப் பயனில்லை, வைத்தியரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார். பிறஷர் மருந்து தொடங்கியவர் படுக்கையிலிருந்து சட்டென எழாது, சிறிது உட்கார்ந்து எழுவது நல்லது. ஆனால் உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சு முட்டுதல், தோலிலே கொப்புளங்களோடு வாயும் கண்ணும் புண்ணாதல் ஆகியவற்றுக்கு விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். ஏறும்பொழுது அந்தப் புதிய குளிசை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பத்திரியிலே அவர்கள் முதலிற் கேட்பது அதுவாகவே இருக்கும்.